எஞ்சின் மேல் பழி போடும் முன்

"பழைய எஞ்சின்ணே, ஆயுசு முடிஞ்சுபோச்சு. இறக்கி வேலை பார்க்கணும். இல்லன்னா இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க." பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கிணற்றடி ஆயில் எஞ்சினோ, இருபது வருஷத்து டிராக்டரோ மக்கர் செய்தால் முதலில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். மெக்கானிக் சொல்கிறார், உதிரிபாகக் கடைக்காரர் ஆமோதிக்கிறார், பக்கத்துக் கொல்லைக்காரரும் தலையாட்டுகிறார். கடைசியில் எஞ்சினின் சொந்தக்காரரே அதை நம்பிவிடுகிறார். வயதானால் எஞ்சின் கெடும், கெட்டால் இறக்கித்தான் ஆக வேண்டும் என்பது இங்கே யாரும் எதிர்க்கேள்வி கேட்காத பாடமாகிவிட்டது.

இந்தப் பாடம் தவறு. கிளம்ப மறுக்கிற, புகை கக்குகிற, இழுவை குறைந்த, சூடேறி நிற்கிற பழைய டீசல் எஞ்சினில் கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. டீசல் வரும் வழி, காற்று நுழையும் வழி, தண்ணீர் ஓடும் வழி, எஞ்சினோடு பூட்டிய பம்பு ஆகிய இந்த நான்கையும் பார்த்து முடிக்காமல் ஹெட்டைக் கழற்றுவது, காய்ச்சல் என்று வந்தவரை நாடிகூடப் பிடிக்காமல் கத்தி வைப்பதற்குச் சமம். விவசாயியின் காசு கரைகிறது, பயிர் காய்கிறது, நல்ல எஞ்சினும் கெட்டுப்போகிறது.

முதலில் வயதுக் கணக்கைப் பார்ப்போம். 1990-ல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இணைப்பு கிடைத்தவர்கள் மோட்டாருக்கு மாறினார்கள். ஆயில் எஞ்சின் கொட்டகை மூலைக்குப் போனது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்திலும், சின்ன வெங்காயத்துக்கு அவசரத் தண்ணீர் தேவைப்படும்போதும் மட்டும் அதற்கு வேலை வந்தது. மின் இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களும், திருமானூர்ப் பக்கம் வாய்க்கால் தண்ணீரை ஏற்றி இறைப்பவர்களும் விடாமல் ஓட்டுகிறார்கள். மற்ற எஞ்சின்கள் வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கின்றன. முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய எஞ்சின் என்றால் முப்பது வருஷம் ஓடியது என்று பொருளில்லை. லைனரும் ரிங்கும் தேய்வது ஓடிய மணிக்கணக்கில்தான். காலண்டர் கிழிவதால் தேய்வதில்லை.

சும்மா கிடக்கும் எஞ்சினுக்கு வருகிற நோய்கள் வேறு. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்கு ஈரம் கோத்து, தண்ணீர் அடியில் தங்குகிறது. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கொழகொழவென்று பாசி படிகிறது. அது ஃபில்டரை அடைக்கிறது. டீசல் பம்பின் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகுகிறது. டேங்க் மூடியில் காற்று நுழைய விட்டிருக்கும் ஊசித்துளையில் குளவி மண் வைத்து அடைக்கிறது. அந்தத் துளை அடைந்தால் டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடித் தானாக நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். "சூடானா நின்னுடுது, ரிங் போயிடுச்சு" என்று தீர்ப்பு வாங்குகிற எஞ்சினின் டேங்க் மூடியை யாராவது கழற்றிப் பார்த்தார்களா? ஒரு மெல்லிய கம்பியில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை அது.

டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தால் தேட வேண்டிய இடம் தானாகத் தெரியும். கிராமத்தில் நாம் அதிகம் பார்க்கும் 5 குதிரைத்திறன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்குச் சற்று மேல் காற்றை இழுத்து, ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த நசுக்கலில் காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டுக்குள் டீசல் மெல்லிய தூறலாகப் பாய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். பிளக் இல்லை, பொறி இல்லை. காற்று, கம்ப்ரஷன், நேரத்துக்கு வரும் டீசல் ஆகிய மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று குறைகிறது. எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் முதல் வேலை. நம்மவர்கள் மூன்றில் கம்ப்ரஷன் ஒன்றையே குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். கழற்றப் பெரிய வேலையும், விற்கப் பெரிய சாமான்களும் இருப்பது அங்கேதான்.

டீசல் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். இந்த எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் டீசல் குடிக்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று நிமிடத்துக்கு 750 முறை டீசல் பாய்கிறது. அப்படியானால் ஒரு முறைக்கு உள்ளே போவது ஒரு சொட்டில் ஏறத்தாழ பாதி. அந்த அரைச் சொட்டைச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவு அழுத்தத்தில் நாசில் வழியே தள்ள வேண்டும். டீசலை நசுக்க முடியாது, அதனால் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகிறது. குழாயில் காற்றுக் குமிழி ஒன்று இருந்தால் பிளஞ்சர் தள்ளுவதையெல்லாம் அந்தக் குமிழி சுருங்கி வாங்கிக்கொள்ளும். நாசில் திறக்கவே திறக்காது. கடுகளவு காற்று போதும், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்த.

காற்று எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தினால் முதலில் நுரையாக வரும். நுரை அடங்கி டீசல் தெளிவாக வழியும் வரை பொறுத்து முடுக்க வேண்டும். அடுத்து பம்பின் ஸ்க்ரூ, அங்கேயும் அதே வேலை. பிறகு நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, ஹேண்டிலால் சுற்றினால் டீசல் துடித்துத் துடித்து வரும். நட்டை முடுக்கி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு மறுபடி சுற்றினால் டீசல் பாயும் ஒவ்வொரு முறையும் நாசில் "கிர்க், கிர்க்" என்று முனகும். அந்த முனகல் கேட்டால் டீசல் உள்ளே போகிறது என்று அறியலாம். அது கேட்காத எஞ்சினில் ரிங்கைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

மறுநாளே மறுபடி காற்று வாங்கினால் எங்கோ நுழைகிறது என்று பொருள். நசுங்கிய செம்பு வாஷர், வெடித்த ரப்பர் குழாய், சரியாக உட்காராத ஃபில்டர் ரிங். டிராக்டரில் இது இன்னும் ஏமாற்றும். ஃபீடு பம்பு இழுக்கிற பக்கத்தில் விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் காற்று உள்ளே போகும். டேங்க் நிறைய இருக்கும்போது ஒழுங்காக ஓடி, பாதிக்கு இறங்கியதும் மிஸ் அடிக்கிற டிராக்டரில் பார்க்க வேண்டியது இந்த வழியைத்தான். பிஸ்டனுக்கு டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று தெரியாது.

இதைக் கடலோடிகளிடமிருந்து நாம் கற்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் எஞ்சின் நின்றால் அங்கே இறக்கி வேலை பார்க்க வழியில்லை. கரை தெரியாத தூரத்தில் அவர்கள் முதலில் கை வைப்பது ஃபில்டரிலும் டீசல் குழாயிலும் தண்ணீர் இழுக்கும் வழியிலும். உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரர்களுக்கும் அதே பாடம்தான். அவர்கள் எஞ்சினும் துறைமுகத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்து, அவசரத்துக்கு மட்டும் முடுக்கப்படுவது. உயிர் ஊசலாடும் இடத்தில் உள்ளவர்கள் எளிதில் கெடும் இடத்தை முதலில் பார்க்கிறார்கள். ஊருக்குள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது என்ற வசதி நம்மைச் சிந்திக்க விடாமல் செய்துவிட்டது.

அடுத்தது காற்று. அரியலூர் டைனோசர் காலத்தில் கடல் மூடியிருந்த நிலம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று சிமென்ட் ஆலைகள் நிற்கின்றன. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலைகளை ஒட்டிய கொல்லைகளில் வேலியும் இலையும் வெளுத்துக் கிடப்பதை யாரும் பார்க்கலாம். நாம் கணக்குப் போட்ட சிறிய எஞ்சினே பத்து மணி நேரத்தில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. அந்தப் புழுதிக் காற்று போகும் வழியில் இருப்பது ஒரு ஏர் கிளீனர் மட்டும்.

அதன் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். ஊற்றிய ஆயில் சாம்பல் நிறச் சேறாக இறுகியிருக்கும். மேலுள்ள கம்பிவலையில் விரலை வைத்தால் களிம்பு ஒட்டும். மூச்சு முட்டுகிற எஞ்சின் கரும்புகைதான் விடும். டீசல் வருகிறது, எரியக் காற்று இல்லை. கரும்புகையைப் பார்த்ததும் "உள்ளே போச்சு" என்கிறவர்கள் இந்தக் கிண்ணத்தைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

கிளீனருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்புத் தூள் அடைக்கும். அதோடு கலந்த மணல் லைனரை அராவும். இப்படி நிஜமாகவே தேய்ந்த எஞ்சினை இறக்கி, புது லைனர், புது பிஸ்டன், புது ரிங் போட்டு, அதே வெடித்த குழாயை மறுபடி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? புது லைனரும் அதே புழுதியைத்தான் தின்னும். இரண்டே பருவத்தில் மறுபடி "ஆயில் குடிக்குது" என்பார்கள். பழி மறுபடி எஞ்சினின் வயதின் மேல் விழும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் செய்கிற எஞ்சின் வேலை, அடுத்த எஞ்சின் வேலைக்குக் கொடுக்கிற முன்பணம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். பம்பு இறைக்கிற தண்ணீரில் ஒரு கிளை எடுத்து எஞ்சின் வழியே விட்டு வாய்க்காலில் சேர்ப்பது நம் வழக்கம். சுண்ணாம்புப் பூமியின் கடின நீர் சூடானால் வெள்ளைப் படிவம் கட்டும். சமையலறைப் பாத்திரத்தில் படிகிற அதே உப்புத்தான் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர்க் கூட்டிலும் படிகிறது. கூடு அடைந்தால் எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், ஹெட் கேஸ்கெட் போகும். பலர் கேஸ்கெட்டை மாற்றுகிறார்கள், படிவத்தை அப்படியே விடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எஞ்சின் சூடாகவே கூடாது என்று கிணற்றுத் தண்ணீரைக் குபுகுபுவென்று திறந்துவிடுவார்கள். வெளியே வரும் தண்ணீர் சில்லென்று இருந்தால் பெருமைப்படுவார்கள். டீசல் எஞ்சினுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது, வெள்ளைப் புகை வரும், எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவும், லைனர் வேகமாகத் தேயும். வெளியேறும் தண்ணீரில் கையை வைத்தால் வெகுநேரம் வைத்திருக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வால்வைக் கொஞ்சம் மூடினால் வெள்ளைப் புகையும் நிற்கும், டீசலும் மிச்சமாகும்.

எஞ்சினோடு சம்பந்தமே இல்லாத குற்றங்களும் எஞ்சின் தலையில் விழுகின்றன. "முன்ன மாதிரி தண்ணி தள்ளல" என்பது வழக்கமான புகார். ஃபுட் வால்வு அடைந்திருக்கலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சு குழாயில் காற்று நுழையலாம். பெரம்பலூரின் பாறைக் கிணறுகளில் கோடையில் மட்டம் வெகுவாக இறங்கும். உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஆறு ஏழு மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்காது. எந்தப் புது எஞ்சினை வைத்தாலும் இந்த வரம்பு மாறாது. அதனால் பம்பையும் எஞ்சினையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்குகிறார்கள். உள்ளே எஞ்சின் தான் விட்ட புகையையே மறுபடி இழுக்கிறது. கரும்புகை, சூடு, இழுவைக் குறைவு எல்லாம் வரும். அதைவிடக் கொடுமை, அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் உள்ளே இறங்கியவர் மயங்கிச் சாகவும் கூடும். புகைக்குழாயைக் கிணற்றுக்கு வெளியே எடுத்துவிடாமல் அங்கே எஞ்சினை ஓட்டவே கூடாது.

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்போம். "இப்ப வர்ற டீசல் பழைய எஞ்சினுக்கு ஆகாது" என்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 டீசல் வந்தது. கந்தகத்தின் உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்புக் குறைவது உண்மை. டீசலாலேயே மசகு பெறும் பம்புக்கு அது கவலைக்குரியதுதான். அதனால்தான் டீசலுக்கு வழவழப்புத் தரமும் கட்டாயமாக்கப்பட்டு, சேர்மானம் கலந்து விற்கிறார்கள். பம்பைக் கெடுப்பது பங்க் டீசலைவிட அதில் கலக்கிற மண்ணெண்ணெயும், மணல் ஒட்டிய கேனும், துணிகூட வைத்து வடிகட்டாமல் ஊற்றுகிற அவசரமும்தான்.

"பழசு டீசலை அதிகம் குடிக்கும்" என்பது இரண்டாவது வாதம். தூறலாக அடிக்காமல் ஒழுகுகிற நாசில், நேரம் தவறிய பம்பு, அளவுக்கு மீறிய குளிர்ச்சி, தடங்கலான ஃபுட் வால்வு இவையெல்லாம் டீசலைத் தின்னும். 1978-ல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் ஃபுட் வால்வையும் குழாயையும் சரிசெய்யச் சொல்லி விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லிவருவது இதனால்தான். பழைய ஃபுட் வால்வின் மேல் புது எஞ்சினை உட்கார வைத்தால் அதுவும் குடிக்கத்தான் செய்யும்.

"அரசாங்கமே பழைய வண்டிகளை உடைக்கச் சொல்லுதே" என்பது மூன்றாவது. 2021-ல் வந்த வாகன அழிப்புக் கொள்கை தனியார் வாகனங்களுக்குத் தகுதிச் சோதனையை அடிப்படையாக வைக்கிறது. சோதனையில் தேறாதது போகட்டும் என்கிறது. கிணற்றடி எஞ்சினுக்கு அந்தக் கொள்கை பொருந்தவே பொருந்தாது. சோதித்துப் பார்த்து முடிவெடு என்பதைத்தான் நாமும் கேட்கிறோம். சூரிய சக்தி பம்புக்கு மானியம் வாங்கி மாறுகிறவர்கள் தாராளமாக மாறட்டும். நல்ல எஞ்சினைச் செத்ததென்று நம்பி விற்றுவிட்டு மாறக் கூடாது.

எஞ்சின் சாகவே சாகாது என்று யாரும் சொல்லவில்லை. செத்ததா என்று அறியச் சோதனைகள் இருக்கின்றன. முதலில் டேப்பட் இடைவெளியைப் பிளேடு கேஜால் சரிபார்க்க வேண்டும். இடைவெளி இல்லாத வால்வு மூடாமல் நின்று கம்ப்ரஷனைக் கோட்டை விடும். குற்றம் ரிங் மேல் விழும். பிறகு கேஜ் வைத்துக் கம்ப்ரஷனை அளக்க வேண்டும். குறைந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று பிரித்தறியலாம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறதா, சூடான பிறகு ஆயில் அழுத்தம் சரிகிறதா, விடாமல் நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் ஆம் என்றால் இறக்குங்கள். அப்போதும் அது மரணமில்லை. 1930-களின் லிஸ்டர் எஞ்சினும், அதைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் செய்த எஞ்சின்களும், 1946-ல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் ஊர் ஊராகக் கொண்டுவந்தவையும் லைனரும் பேரிங்கும் மாற்றிக்கொள்ளும்படியே செய்யப்பட்டவை. தேய்வதற்கென்றே சில பாகங்களை வைத்தவர்கள், மற்றதைத் தலைமுறை தாண்டி ஓடும்படிதான் செய்தார்கள்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் தவறான தீர்ப்பு ஏன் நிலைக்கிறது? மெக்கானிக்குகளைத் திட்டிப் பயனில்லை. இறக்கி வேலை பார்த்தால் கூலி உண்டு, சாமான் வாங்கிய கடையில் மரியாதை உண்டு. வெடித்த வாஷரைக் கண்டுபிடித்து ஒரு மணி நேரத்தில் ஓடவைத்தவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டு ஒரு டீ வாங்கித் தருகிறோம். கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, கழற்றியதற்குத்தான் வருகிறது. அப்படியிருக்க அவர் ஏன் தேடுவார்? இந்தத் தவறில் பாதி நம்முடையது.

அதனால் மாற்றமும் நம்மிடமிருந்து தொடங்க வேண்டும். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் விதைக்கும் உரத்துக்கும் முகாம் நடத்துவதைப் போல, பருவம் தொடங்கும் முன் நாசில் டெஸ்டரும் கம்ப்ரஷன் கேஜும் வைத்து எஞ்சின் முகாம் நடத்தட்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும், ஐ.டி.ஐ.களில் மெக்கானிக் டீசல் படிக்கும் பிள்ளைகளும் அதில் சேரட்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை யாராவது உங்கள் எஞ்சினுக்கு ஆயுசு முடிந்தது என்று சொன்னால், "அண்ணே, டீசல், காத்து, தண்ணி, பம்பு நாலையும் பாத்துட்டு, கம்ப்ரஷன் அளந்து நம்பரைக் காட்டுங்க. பாத்ததுக்கு முழுக் கூலி தர்றேன். அப்புறம் இறக்கலாமா வேண்டாமான்னு பேசுவோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அந்தக் கூலியைக் கொடுங்கள், வாஷர் ஒன்று மாற்றியதோடு வேலை முடிந்தாலும் கொடுங்கள். தேடுகிறவருக்குக் கூலி கிடைக்கும் ஊரில்தான் தேடத் தெரிந்த மெக்கானிக் மிஞ்சுவார்.